தோட்டத்து கிரவுண்ட்ல சின்ன பிளேன் ஒன்னு வச்சிக்க ஏலுமா?

நோர்வூட் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கெடந்தத இன்னிக்கி கேட்டுடலாம்னு எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

நான் பதினொரு வருசம் கட்டார்ல ஹெவி மெஷின் மெக்கானிக்கா இருந்துட்டு போன வருசம் ஊரோட வந்துட்டேன். அப்பா தோட்டத்து ஸ்டோர்ல எஞ்சின் டிரைவரா இருந்தவரு, எனக்கு எஞ்சின் மேல பைத்தியம் வந்ததே அங்கருந்துதான். ஒரு தடவ லீவுல வந்திருந்தப்போ காசல்ரீ டேம்ல தண்ணியிலயே எறங்குற பிளேன மொத மொதல்ல பக்கத்துல பார்த்தேன். உள்ளருந்து எறங்குனது எல்லாம் வெளிநாட்டு டூரிஸ்ட். மேல கொழுந்து மலையில நம்ம பொம்பளைங்க கூடையோட நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்க, அதுல எங்க அம்மாவும் ஒருத்தங்க. நாப்பது வருசமா அதே மலைய அடியிலருந்து பார்த்தவங்கள ஒரு நாளாவது மேலருந்து பார்க்க வைக்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

இப்ப கையில கொஞ்சம் காசு இருக்கு. ரெண்டு சீட்டு, நூறு குதிரைசக்தி ரொட்டாக்ஸ் எஞ்சின், பாகம் பாகமா வாங்கி நாமளே பூட்டிக்கிற கிட் பிளேன் பார்த்து வச்சிருக்கேன். வெளம்பரத்துல ரொம்ப சின்ன எடத்துலயே மேல ஏறிடும்னு போட்டிருக்கான். எங்க தோட்டத்துல பந்து வெளயாடுற கிரவுண்ட் இருக்கு, அடி வச்சி அளந்து பார்த்தேன், நூத்தி அறுபது மீற்றர் வருது, ஒரு பக்கம் ஆளுங்க குடியிருக்கிற லயம், மறுபக்கம் சவுக்கு மரம். அங்க ஏத்தி எறக்க முடியுமா? எஞ்சின் வேலைய நானே பார்த்துக்கலாம்தானே? லைசனுக்கு எங்க போகணும்? தெரிஞ்சவங்க தயவு செஞ்சி சொல்லுங்க, சும்மா ஆசைக்கு கேக்கல.

ரத்மலானை ஹேங்கர்காரன்:

தம்பி, நான் கொட்டகலைக்காரன், கொழும்புக்கு பக்கத்துல ரத்மலானை எயார்போர்ட்ல சின்ன பிளேன்களுக்கு வேல பார்க்கிறேன். நம்ம பக்கத்துலருந்து இப்பிடி ஒருத்தர் கேக்கிறத பார்த்து சந்தோசமா இருக்கு, அதனால நேராவே சொல்றேன், கோவிச்சிக்காதீங்க. கிரவுண்ட் விசயத்த ஓட்டுறவங்க யாராச்சும் சொல்லட்டும், எனக்கு தெரிஞ்ச எஞ்சின பத்தி மட்டும் சொல்றேன்.

நீங்க பார்த்து வச்சது ரொட்டாக்ஸ்ல 912 யூஎல்எஸ்ங்கிற மொடலா இருக்கும். நல்ல எஞ்சின். நாலு சிலிண்டர், சிலிண்டர் காத்துல ஆறும், ஹெட் தண்ணியில ஆறும், இக்னிஷன் ரெண்டு செட் தனித்தனியா இருக்கும், ஒன்னு போனாலும் மத்தது ஓடும். டேக்காஃப்புக்கு 5800 ஆர்பிஎம், அதாவது நிமிசத்துக்கு 5800 சுத்து வரைக்கும் போகலாம் ஆனா அஞ்சு நிமிசத்துக்கு மேல வைக்கக்கூடாது, அதுக்கப்புறம் 5500க்குள்ள. அந்த வேகத்த 2.43க்கு 1ன்னு கியர்பொக்ஸ் கொறச்சிதான் ப்ரொபெல்லருக்கு குடுக்கும். பெற்றோல் 95 ஒக்டேன் வேணும், நம்ம ஷெட்ல 92ம் இருக்கும் 95ம் இருக்கும், வெல கம்மின்னு 92 அடிச்சிறாதீங்க, 80 குதிரைசக்தி எஞ்சினுக்குதான் அது சரி. ரெண்டாயிரம் மணித்தியாலம் இல்லாட்டி பதினஞ்சு வருசம், எது முந்துதோ அப்ப முழுசா பிரிச்சி பூட்டுற ஓவர்ஹோல். ரப்பர் ஹோஸ் எல்லாம் ஓடுனாலும் ஓடாட்டியும் அஞ்சு வருசத்துல மாத்தணும், ஆசையா வாங்கி கொட்டகையில போட்டு வச்சிருக்கவங்க இத மறந்துடுறாங்க.

இப்ப உங்க கேள்வி, நானே பார்த்துக்கலாமான்னு. கை உங்களுக்கு இருக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா பிளேன்ல வேலைய முடிச்சிட்டு புத்தகத்துல கையெழுத்து வைக்கிறதுக்கு லைசன் வேணும், அந்த கையெழுத்து இல்லாம அது பறக்கக்கூடாது. பொறகு கெட்டர்பில்லர்ல பழகுன கைக்கு சில விசயம் புதுசா இருக்கும். ஒரு உதாரணம் சொல்றேன். இதுல ஒயில் எஞ்சினுக்கு அடியில உள்ள சம்ப்ல நிக்காது, தனி டேங்க்ல நிக்கும். காலையில ஒயில் அளக்கிற கம்பிய, டிப்ஸ்டிக்க இழுத்து பார்த்தா அளவு பொய்யா காட்டும். சுவிட்ச் எல்லாம் ஓஃப்ல இருக்கான்னு ரெண்டு தடவ பார்த்துட்டு ப்ரொபெல்லர அது சுத்துற பக்கமாவே கையால மெதுவா சுத்தணும், சுத்த சுத்த எஞ்சினுக்குள்ள இருக்கிற ஒயில் டேங்குக்கு திரும்பி போகும், கடைசியா டேங்க் வாயிலருந்து சின்ன புள்ள பால் குடிச்சிட்டு ஏப்பம் விடுற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்த சத்தம் கேட்ட பொறகுதான் டிப்ஸ்டிக். எதிர்ப்பக்கம் சுத்துனா ஒயில் லைன்ல காத்து பூந்துடும்.

இன்னொன்னு பெற்றோலயும் காத்தயும் கலந்து எஞ்சினுக்கு குடுக்கிற கார்புரேட்டர். ரெண்டு கார்புரேட்டர் இருக்கு, ஒவ்வொன்னுலயும் பெற்றோல்ல மெதக்கிற சின்ன துண்டு ரெண்டு, ஃப்ளோட்ன்னு சொல்றது. இந்த ஃப்ளோட் சிலது பெற்றோல உறிஞ்சி கனத்துப்போய் மெதக்காம தாழும், அப்ப எஞ்சின் ஓவரா பெற்றோல் குடிச்சி திக்கும். ஒரு கார்புரேட்டர்ல உள்ள ரெண்டு ஃப்ளோட்டும் சேர்த்து 7 கிராமுக்கு மேல போகக்கூடாது. ஏழு கிராமுங்க தம்பி, ஒரு பவுன விட கம்மி! ஆரம்பத்துல எங்கிட்ட அளக்க ஒன்னும் இருக்கல, நகைக்கடைக்கு கொண்டுபோய் தராசுல வச்சி பார்த்தேன், ஒரு சோடி ஏழு தாண்டி இருந்தது, அன்னிக்கே மாத்துனோம்.

மலையில வச்சிருந்தா ஈரம்தான் மொத எதிரி. ராத்திரி குளிருக்கு பெற்றோல் டேங்குக்குள்ள ஈரம் கோத்து தண்ணியா எறங்கும், அரை டேங்க்ல விட்டா இன்னும் மோசம். தெனம் காலையில கண்ணாடி போத்தல்ல கீழருந்து கொஞ்சம் புடிச்சி வெளிச்சத்துல தூக்கி பார்க்கணும், தண்ணி இருந்தா அடியில முத்து முத்தா நிக்கும். அப்புறம் குளவி. கொழுந்து மலையில குளவி நம்ம ஆளுங்கள என்ன பாடு படுத்துதுன்னு உங்களுக்கு நான் சொல்ல தேவல்ல. இது வேற சாதி, மண்ணு வச்சி கூடு கட்டுற குளவி. ரெக்கையில ஒரு சின்ன குழாய் இருக்கும், பிட்டோட்ன்னு சொல்றது, அதுல வர்ற காத்த வச்சித்தான் வேகம் காட்டும். மூடி போடாம ரெண்டு நாள் விட்டா உள்ள கூடு கட்டிரும். 1996ல டொமினிக்கன் நாட்டுல 189 பேரோட ஒரு பெரிய பிளேன் கடல்ல விழுந்துச்சு, பிட்டோட் குழாய் அடைச்சி வேகம் தப்பா காட்டுனதுதான் தொடக்கம், குளவிக்கூடாத்தான் இருக்கணும்னு விசாரணையில சொன்னாங்க. அதனால செவப்பு ரிப்பன் தொங்குற மூடிய நான் யாரு சிரிச்சாலும் பத்து நிமிசம் நிறுத்துனா கூட போடுவேன்.

பண்டாரவளை அக்கா:

தம்பி, கிரவுண்ட் கதைய நான் சொல்றேன். எனக்கு தனியார் பைலட் லைசன் இருக்கு, சொந்தமா பிளேன் இல்ல, மணித்தியாலக் கணக்குக்கு எடுத்து ஓட்டுறேன்.

வெளம்பரத்துல போடுற அளவு கடல் மட்டத்துல, காஞ்ச தாருல, ஒரு ஆள் மட்டும் ஏறி, சக்கரம் தரையிலருந்து விடுபடுற எடம் வரைக்கும். உங்களுக்கு வேண்டியது அது இல்ல, தரைய விட்டு அம்பது அடி ஒசரம் ஏறி முடியிற வரைக்கும் உள்ள தூரம், ஏன்னா சவுக்கு மரம் விலகி நிக்க போறதில்ல.

நோர்வூட் பக்கம் கிட்டத்தட்ட நாலாயிரம் அடி. அந்த ஒசரத்துல சாதாரண கணக்குப்படி வெப்பம் 7 பாகை இருக்கணும், நம்ம பக்கம் பகல்ல 24 இருக்கும், 17 கூட. சூடு கூடுனா காத்து மெலிசாகும், ஒரு பாகைக்கு 120 அடின்னு கூட்டுனா பிளேனுக்கு அது ஆறாயிரம் அடி மாதிரி. ஆயிரம் அடிக்கு 3 வீதம்னு எஞ்சின் பலம் கொறையும், உங்க நூறு குதிரையில எம்பத்திரெண்டு சொச்சம்தான் மிச்சம். ரெக்கைக்கும் ப்ரொபெல்லருக்கும் கூட காத்து மெலிசு.

பிரிட்டிஷ் விமான அதிகார சபை சின்ன பிளேன்காரங்களுக்கு ஒரு கணக்கு குடுத்திருக்கு, நான் அதத்தான் பாவிக்கிறேன். கடல் மட்டத்துல அம்பது அடி ஏற 300 மீற்றர் வேணும்னு வச்சிக்கங்க. ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் பத்து வீதம் கூட்டுனா நாலாயிரத்துக்கு 440 ஆகுது. சூட்டுக்கு பத்து பாகைக்கு பத்து வீதம், 515. நம்ம கிரவுண்ட் புல்லு எந்த காலத்துல காஞ்சிருக்கு, ஈரப்புல்லுக்கு முப்பது வீதம், 670. கடைசியா பாதுகாப்புக்கு 1.33ஆல பெருக்கணும்னு அவங்களே சொல்றாங்க, 890 மீற்றர். உங்க பிளேன் நெசமாவே கெட்டிக்கார பிளேனா இருந்து 300க்கு பதிலா 150ல ஏறும்னு வச்சாலும் 445 வருது. உங்க கிரவுண்ட் 160. ஒரு பக்கம் லயம்னு நீங்களே எழுதியிருக்கீங்க, லயத்துல புள்ளைங்க இருக்கும். இதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்கு. அனுமதி இல்லாத எடத்துல நெனச்ச மாதிரி எறக்கவும் ஏலாது, தரைக்கு தோட்டக் கம்பனியும் பறக்கிறதுக்கு சிவில் விமான சேவைகள் அதிகார சபையும் சம்மதிக்கணும்.

அத விட முக்கியமானது மேகம். தை மாசி பங்குனியில காலம்பர நம்ம மலை கண்ணாடி மாதிரி இருக்கும், சிவனொளிபாதமலை உச்சி ரத்மலானையிலருந்து ஏறுன கொஞ்ச நேரத்துலயே தெரியும். ரத்மலானையிலருந்து ஹட்டன் நேர்கோட்டுல எம்பது கிலோமீற்றர்தான், ரயில்ல மணித்தியாலக் கணக்கா போற தூரம், சின்ன பிளேன்ல அரை மணித்தியாலம். ஆனா பத்து பத்தரைக்கு மேல அடிவாரத்து சூட்டுக்காத்து மலை மேல ஏறி மேகமா மூடிடும். போன மாசியில எங்க இன்ஸ்ட்ரக்டரோட கித்துல்கல பக்கமா காசல்ரீய பார்க்க போனேன். ஏழரைக்கு ஏற வேண்டியது, பேப்பர் வேலையில எட்டரைய தாண்டிருச்சு, மேல கொஞ்ச நேரம் சுத்திட்டு நோர்ட்டன் பிரிட்ஜ் கிட்ட வரும்போது பத்து ஆகப்போகுது. முன்னுக்கு பள்ளத்தாக்கு தெறந்து இருந்தது, நான் டேம பார்க்கிற ஆசையில போய்க்கிட்டே இருந்தேன். அப்ப எடது பக்க மலையில கொழுந்து நெரை வரி வரியா தெரிஞ்சிக்கிட்டு இருந்தது கீழருந்து ஒன்னொன்னா அழிஞ்சிக்கிட்டு வருது, யாரோ ரப்பர் வச்சி அழிக்கிற மாதிரி. அவரு ஒரு வார்த்த பேசல, கைய மட்டும் வலது பக்கம் காட்டுனாரு. நாங்க பள்ளத்தாக்கோட நடுவால போகாம ஒரு ஓரமா போனதால திரும்ப எடம் இருந்தது. 75 நொட், அதாவது மணித்தியாலத்துக்கு கிட்டத்தட்ட 139 கிலோமீற்றர் வேகத்துல 30 பாகை சாஞ்சி திரும்புனா அரை வட்டத்துக்கு ஐநூறு மீற்றருக்கு மேல அகலம் வேணும். நடுவால போயிருந்தா பள்ளத்தாக்கோட அகலத்துல பாதிதான் நமக்கு கெடைக்கும். திரும்பி அஞ்சு நிமிசத்துல பின்னுக்கு பார்த்தேன், நாங்க இருந்த எடமே இல்ல, வெள்ளை.

அதே ஈரக்காத்துதான் கார்புரேட்டர்லயும் ஐஸ் கட்ட வைக்கிறது. வெளிய பதினஞ்சு பாகை இருக்கு, எப்பிடி ஐஸ்னு கேப்பாங்க, கார்புரேட்டருக்குள்ள பெற்றோல் ஆவியாகும்போது சூட்ட உறிஞ்சிடும், நுவரெலியா குளிரும் பனியும் அதுக்கு அச்சு அசலா ஏத்தது. ஆர்பிஎம் மெதுவா எறங்குனா சந்தேகப்பட்டு கார்புரேட்டர் ஹீட்ட போடணும்.

எங்க ஊவா பக்கத்துக்கு வேற கத. ஆனி ஆடியில ஹட்டன்ல மழை ஊத்தும்போது பண்டாரவளையில வெயிலு, கச்சான் காத்து தகரத்த தூக்கும். வானம் நீலமா இருக்கேன்னு போனா மலைக்கு பின்பக்கம் காத்து அருவி மாதிரி கீழ கொட்டும், நம்ம பிளேன் ஏறுற வேகத்த விட அது எறக்குற வேகம் கூட இருக்கும். மலை முகட்ட தாண்டணும்னா ஆயிரம் அடியாவது கூட ஏறி, நேரா முட்டாம 45 பாகை சரிவா போகணும், எறக்குனா அப்பிடியே வெளிய திரும்பிக்கலாம்.

லைசன பத்தி: வயசு 17 தாண்டியிருக்கணும், மருத்துவ சோதனை பாஸ் பண்ணணும், சர்வதேச விதிப்படி கொறஞ்சது 40 மணித்தியாலம் ஓட்டணும், அதுல 10 தனியா. தனியா ஓட்டுறதுல ஒரு பயணம் 270 கிலோமீற்றருக்கு கொறையாம, நடுவுல வேற ரெண்டு எயார்போர்ட்ல எறங்கி ஏறணும். ரேடியோ பூரா இங்கிலீஷ், நான் தமிழ் மீடியம் படிச்சவ, மொத மாசம் கன்ட்ரோல் டவர் சொல்றத புடிக்கவே கஸ்டப்பட்டேன், வீட்டுல கதவ சாத்திக்கிட்டு சத்தமா சொல்லி பழகுனேன். வந்துரும்.

மஸ்கெலியா பெரியவர்:

மகன், நான் பிளேன் ஓட்டுனவன் இல்ல. ஆனா இந்த மலையில பிளேன் விழுந்தத பார்த்தவன்.

1974 டிசம்பர் 4. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. ராத்திரி பத்து மணி தாண்டி லயத்து கதவு ஜன்னல் எல்லாம் அதிர்ந்துச்சு, அம்மா மலை சரிஞ்சிருச்சுன்னு கத்துனாங்க. இந்தோனேசியாவுலருந்து மக்காவுக்கு ஹஜ் போன ஜனங்க, கட்டுநாயக்க எயார்போர்ட்ல எறங்க வந்துக்கிட்டு இருந்த பெரிய டீசி 8 பிளேன், சப்தகன்னி மலையில மோதிருச்சு. 191 பேரு, ஒருத்தரும் மிஞ்சல. எஞ்சின் கோளாறு ஒன்னும் இல்ல மகன், தாங்க எங்க இருக்கோம்னு தப்பா நெனச்சி இருட்டுல சீக்கிரமா எறங்கிட்டாங்க, கட்டுநாயக்கவுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. அப்பா மத்த ஆளுங்களோட விடிய முந்தி மேல போனாரு. திரும்பி வந்து ரெண்டு நாள் சோறு சாப்பிடல. கையில ஒரு சின்ன துணி வச்சிருந்தாரு, அத பொலிஸ்கிட்ட குடுத்துட்டு வந்தாரு. ஒவ்வொரு டிசம்பர் மாசமும் அந்த மலைய பார்த்து அம்மா விளக்கு வைப்பாங்க, அவங்க போன பொறகு நான் வைக்கிறேன்.

ஆசைய விடுன்னு சொல்ல வரல. அம்மாவ கூட்டிட்டு போங்க. மலை தெரியிற நேரத்துல மட்டும் போங்க.

நோர்வூட் தம்பி:

மூணு பேருக்கும் எப்பிடி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஐயா, உங்க எழுத்த அம்மாகிட்ட வாசிச்சி காட்டுனேன், அவங்களுக்கும் அந்த ராத்திரி ஞாபகம் இருக்காம், எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல.

அக்கா, உங்க கணக்க கொப்பியில போட்டு பார்த்தேன், ரெண்டு தடவ போட்டேன், சரிதான். கிரவுண்ட் யோசனைய விட்டுட்டேன். ஆனா ஒரு கேள்வி: அப்பிடின்னா பிளேன வாங்கி ரத்மலானையில வச்சிக்கிட்டு படிக்கிறதா, மொதல்ல லைசன எடுத்துட்டு பொறகு வாங்குறதா? காசு சும்மா கெடந்தா கரைஞ்சிரும்னு பயமா இருக்கு, ரெண்டு தங்கச்சி வேற இருக்காங்க.

பண்டாரவளை அக்கா:

மொதல்ல படிங்க. பிளேன் ஓடாம நின்னாலும் ஹேங்கர் வாடகை, இன்சூரன்ஸ், வருசாந்த சோதனை எதுவும் நிக்காது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கூட ஓட்டாதவருக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டுறதுதான் லாபம். லைசன் வந்த பொறகு நாலு பேரு சேர்ந்து ஒன்னு வாங்குறத பத்தி கதைப்போம், நெசமா சொல்றேன், நானும் ஒரு பங்குக்கு வருவேன். நாப்பது மணித்தியாலத்துக்கும் காசு மொத்தமா முன்கூட்டியே கட்டிறாதீங்க, நான் அப்பிடி ஒரு எடத்துல கட்டிட்டு பிளேன் ரிப்பேர்னு ஆறு மாசம் காத்துக்கிட்டு இருந்தேன். அஞ்சு அஞ்சு மணித்தியாலமா கட்டுங்க. மருத்துவ சோதனைய எல்லாத்துக்கும் மொதல்ல செய்ங்க, கண்ணுலயோ காதுலயோ ஏதாச்சும் இருந்தா காசு கட்ட முந்தியே தெரிஞ்சிரும், ஹெவி மெஷின் பக்கத்துல இத்தன வருசம் நின்னவருக்கு காது சோதனை அவசியம்.

ரத்மலானை ஹேங்கர்காரன்:

அக்கா சொன்னதுதான் சரி. தம்பி, வார சனிக்கிழமை எங்களுக்கு ஒரு 912ல நூறு மணித்தியால சர்வீஸ் இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஹட்டன்லருந்து பஸ் ஏறுனா விடிய வந்துரலாம், உள்ள வர்றதுக்கு பாஸ் எடுக்கணும், அடையாள அட்டைய மறக்காம கொண்டாங்க. மோதிரம், கைச்செயின் போட்டிருந்தா கழட்டி வீட்டுல வச்சிட்டு வாங்க, சட்டை பொக்கெட்ல பேனா கூட வேணாம். ஃப்ளோட்ட நீங்களே கழட்டி நிறுத்து பாருங்க, இப்ப எங்கிட்ட தராசு இருக்கு.

நோர்வூட் தம்பி:

வர்றேண்ணே. அம்மா உங்களுக்கு குடுக்க சொல்லி கொஞ்சம் தேத்தூள் கட்டி வச்சிட்டாங்க.